முந்தைய வசனம்

தஞ்சை, நாகை, மயிலாடுதுறை வட்டாரங்களில் வேத ஒப்பீட்டுக் கூட்டம் நடத்தும் இரு தரப்பு இளைஞர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புத் தம்பிகளே, தங்கைகளே,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸ்தோத்திரம். எது யாருக்கு என்று நீங்களே பிரித்துக்கொள்ளுங்கள். பிரிக்காமல் இரண்டையும் எல்லாரும் வாங்கிக்கொண்டாலும் எனக்குச் சம்மதம்தான்.

உங்கள் கூட்டங்களுக்கு வந்து பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். இரு தரப்பிலும் படிப்பு இருக்கிறது. வசன எண் தவறுவதில்லை, குரலும் நன்றாக எடுபடுகிறது. ஆனால் எல்லாக் கூட்டமும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வந்து சேர்கிறது. கிறிஸ்தவத் தரப்பில் பேசுகிறவர், இஸ்லாம் கட்டளைக்குக் கட்டுப்படுகிற மார்க்கம், எங்களுடையது விசுவாசத்தால் கிருபை பெறுகிற மார்க்கம் என்கிறார். முஸ்லிம் தரப்பில் பேசுகிறவரோ, நம்பினால் போதும் என்று சொல்லிவிட்டு எப்படியும் வாழலாம் என்பது உங்கள் மதம், எங்கள் ஈமான் தொழுகையாகவும் நோன்பாகவும் ஜகாத்தாகவும் வெளியே தெரிந்தாக வேண்டும் என்கிறார். கைதட்டல் இரண்டு பக்கமும் விழுகிறது. ஒரு பக்கத்துக்குக் கீழ்ப்படிதல், மறு பக்கத்துக்கு விசுவாசம் என்று பாகப்பிரிவினை முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போகிறோம்.

அந்தப் பத்திரம் செல்லாது என்று சொல்லத்தான் இந்த மடல். நீங்கள் இரண்டு வேதங்களுக்கும் நடுவில் போடுகிற வரப்பு அங்கே இல்லை. அது ஒவ்வொரு வேதத்துக்கு உள்ளேயும் ஓடுகிறது. நம் காவிரிக் கரையே இதற்குச் சாட்சி.

என் வீட்டிலிருந்து தொடங்குகிறேன். நான் தரங்கம்பாடிப் பக்கத்து லூத்தரன் குடும்பத்துப் பிள்ளை. சிறு வயதில் எங்களுக்கு ஓதப்பட்டது ரோமர் நிருபம் நான்காம் அதிகாரம். ஆபிரகாம் தேவனை விசுவாசித்தான், அதுவே அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது, கிரியைகளால் அல்ல என்று அங்கே பவுல் வாதாடுகிறார். அதே பைபிளில் சில பக்கம் தள்ளி யாக்கோபு நிருபம் இரண்டாம் அதிகாரம் இருக்கிறது. அங்கே வருவதும் அதே ஆபிரகாம்தான். தன் மகனைப் பலிபீடத்தில் கிடத்தியபோது கிரியையினால்தானே அவன் நீதிமான் ஆனான் என்று யாக்கோபு கேட்கிறார். கிரியை இல்லாத விசுவாசம் செத்தது என்றும் சொல்லிவிடுகிறார். எங்கள் லூத்தருக்கு இது தொண்டையில் முள்ளாக இருந்தது. 1522-ல் வெளியிட்ட ஜெர்மன் புதிய ஏற்பாட்டின் முன்னுரையில், மற்ற நூல்களோடு ஒப்பிட்டால் யாக்கோபு நிருபம் வைக்கோல் என்றே எழுதிவிட்டார். களத்து மேட்டில் வளர்ந்த நமக்கு அந்த வசவின் எடை தெரியும், ஆனாலும் வைக்கோல் இல்லாமல் மாடு நிற்காது என்பதும் நமக்குத் தெரியும்.

அந்தச் சண்டை ஜெர்மனியோடு நின்றுவிடவில்லை, கப்பலேறி இங்கேயும் வந்தது. 1706-ல் லூத்தரன் மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். தஞ்சை ரகுநாத நாயக்கர் 1620-ல் டேனியர்களுக்கு இடம் கொடுத்து எழுந்த கோட்டை அங்கே ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தது. 1715-ல் தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறி முடிந்தது. அதை அடுத்த ஆண்டுகளில் கொள்ளிடத்தின் வடகரையில், ஏலாக்குறிச்சியில், கத்தோலிக்கரான வீரமாமுனிவர் உட்கார்ந்திருந்தார். தேம்பாவணி எழுதிய அதே கை, தரங்கம்பாடிக்காரர்களைக் கிழித்தெறிந்து வேத விளக்கம், பேதகம் மறுத்தல், லூத்தரினத்தியல்பு என்று அடுக்கடுக்காக எழுதியது. பேதகம் என்றால் என்ன, விசுவாசம் மட்டும் போதுமா, நற்கிரியைக்கு என்ன இடம் என்பதெல்லாம் அங்கே அடிபட்டன. கொள்ளிடத்தின் இரு கரையிலிருந்தும் கிறிஸ்தவர்களைப் பார்த்து கிறிஸ்தவர்களே, இன்றைய தமிழ் உரைநடை அப்போதுதான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில், நல்ல காரமான தமிழில் திட்டிக்கொண்டார்கள். சும்மா சொல்லக்கூடாது, வசை என்ற அளவில் முனிவர் கைதான் ஓங்கியது. தமிழ் உரைநடை வளர்ந்த கதையில் அந்த வசைக்கும் பங்கு உண்டு.

கத்தோலிக்கரும் லூத்தரன்களும் இதே விஷயத்தில் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டு, இந்தப் பழைய கண்டனங்கள் இன்றைய போதனையைத் தொடாது என்று ஒத்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட ஐந்நூறு வருஷச் சண்டை. ஆகவே கிறிஸ்தவத் தம்பிகளே, விசுவாசம்தான் எங்கள் கட்சி என்று மேடையில் மார்தட்டும்போது ஏலாக்குறிச்சிக்காரர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அவர்களும் உங்கள் வேதத்தைத்தான் வாசிக்கிறார்கள்.

இனி முஸ்லிம் தம்பிகள் பக்கம். நாகூர், அதிராம்பட்டினம் என்று கடற்கரையோரத்து மரக்காயர்கள் பெரும்பாலும் ஷாஃபிஈ மத்ஹப். ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. தொழுகையில் கை கட்டுகிற இடம், ஆமீனைச் சத்தமாகச் சொல்வதா மெதுவாகச் சொல்வதா என்ற வித்தியாசம்தான் வெளியாட்களுக்குத் தெரியும். அதைவிட ஆழமான ஒன்று அந்த இரண்டு இமாம்களுக்கும் நடுவில் இருந்தது. ஈமான் என்பது உள்ளத்தால் ஏற்பதும் நாவால் மொழிவதும், அமல் அதன் பகுதி அல்ல, ஈமான் கூடுவதுமில்லை குறைவதுமில்லை என்பது இமாம் அபூ ஹனீஃபாவின் வழி. ஈமான் சொல்லும் செயலும் சேர்ந்தது, வணக்கத்தால் கூடும், பாவத்தால் குறையும் என்பது இமாம் ஷாஃபிஈயின் வழி. பவுலும் யாக்கோபும் போட்ட அதே வழக்கு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்களுடைய சூழல் வேறு, கேள்வியின் வேர் வேறு. பெரும்பாவம் செய்தவன் முஸ்லிமா இல்லையா என்று வாள் தூக்கிய காரிஜியாக்களுக்கு மறுமொழி தேடிய காலத்தில் பிறந்த கேள்வி அது. ஆனால் ஈமான் வேறு, கட்டுப்படுதல் வேறு, இரண்டும் எங்கே சேர்கின்றன என்று இஸ்லாமே தனக்குள் கேட்டுக்கொண்டது என்பதற்கு இது போதும். புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிற ஒரு ஹதீஸையும் நினைவுபடுத்துகிறேன். எவரையும் அவருடைய அமல் சொர்க்கத்தில் சேர்க்காது, அல்லாஹ்வின் அருள் போர்த்தாவிட்டால் என்னையும் சேர்க்காது என்று நபிகள் நாயகம் சொன்னதாக அதில் வருகிறது. இதை எங்கள் பங்கு உபதேசியாரிடம், யார் சொன்னது என்று சொல்லாமல் வாசித்துக் காட்டினால், ஆமென் என்பார்.

மேடை விவாதம் என்கிற இந்தப் பாணியே இரவல்தான். 1854-ல் ஆக்ராவில் பாதிரியார் ஃபாண்டரும் மௌலவி ரஹ்மத்துல்லாஹ் கைரானவியும் நேருக்கு நேர் மோதினார்கள். கைரானவி பின்னால் எழுதிய இள்ஹாருல் ஹக் என்ற நூல் தென்னாப்பிரிக்காவில் கடைச் சிப்பந்தியாக இருந்த அகமது தீதாத் கையில் கிடைத்தது. தீதாத்தின் ஒளிநாடாக்கள் 1980-களில் உலகமெல்லாம் சுற்றின. அந்த வாரிசுரிமையில்தான் நீங்கள் இருவரும் மைக் பிடிக்கிறீர்கள். ஃபாண்டரும் கைரானவியும் முக்கியமாக மோதிக்கொண்டது வேதம் திரிக்கப்பட்டதா என்ற கேள்வியில். ஜெயிக்க வேண்டிய கேள்வி அது. கீழ்ப்படிதலும் விசுவாசமும் அப்படி ஜெயிக்கிற சங்கதி அல்ல.

அதற்காக, எல்லாம் ஒன்றுதான் என்று தலையாட்டச் சொல்லவில்லை. மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதிய மண் இது, அவர்மீது எனக்குப் பெரிய மரியாதை உண்டு. ஆனால் சமரசம் பாட்டுக்கு அழகு, பாடம் படிக்கும்போது கண்ணை மறைக்கும். வித்தியாசம் இருக்கிறது, அதை உள்ள இடத்தில் பார்க்க வேண்டும்.

மகனைப் பலியிடப் போன கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதியாகமம் 22-ல் தகப்பனும் மகனும் மலைக்கு நடக்கிறார்கள். கட்டையும் நெருப்பும் இருக்கிறதே, ஆட்டுக்குட்டி எங்கே என்று ஈசாக்கு கேட்கிறான். தேவன் பார்த்துக்கொள்வார் என்பதோடு தகப்பன் வாயை மூடிக்கொள்கிறார். மகனுக்கு விஷயம் சொல்லப்படவில்லை. கீழ்ப்படிதலின் பாரம் முழுவதும் ஒரு கிழவன் முதுகில். குர்ஆனில் அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தில் இப்ராஹீம் நபி கனவைச் சொல்லி, உன் கருத்து என்ன என்று மகனிடம் கேட்கிறார். கட்டளைப்படி செய்யுங்கள், என்னைப் பொறுமையாளனாகக் காண்பீர்கள் என்கிறார் மகன். பிறகு இருவருமாகத்தான் ஒப்புக்கொடுக்கிறார்கள். மகன் பெயர் அங்கே சொல்லப்படவில்லை. இஸ்மாயீல் என்பது முஸ்லிம்களிடையே பெரும்பான்மையான கருத்து. நீங்கள் மேடையில் ஈசாக்கா இஸ்மாயீலா என்று மணிக்கணக்கில் மல்லுக்கு நிற்கிறீர்கள். ஒருவன் கேட்கப்பட்டான், ஒருவன் கேட்கப்படவில்லை என்பதை யாரும் எடுத்துப் பேசிக் கேட்டதில்லை. இந்தக் கதையை எபிரெயர் நிருபம் 11-ம் அதிகாரம் விசுவாசத்தின் பட்டியலில் வைக்கிறது, கீழ்ப்படிதலின் பட்டியலில் அல்ல. மறுபுறம் அல்பகராவில் அதே இப்ராஹீம், இறந்தவர்களை எப்படி உயிர்ப்பிக்கிறாய் என்று காட்டு என்று இறைவனிடமே கேட்கிறார். நம்பவில்லையா என்ற கேள்விக்கு, நம்புகிறேன், என் உள்ளம் அமைதி பெறத்தான் என்கிறார். விசுவாசத்தின் உடம்பில் ஓடுகிற நடுக்கத்தை இதைவிட எப்படிச் சொல்வது?

பெரிய வித்தியாசம் இதையும் தாண்டிய ஒரு இடத்தில் இருக்கிறது. யாருடைய கீழ்ப்படிதல் கணக்கில் வருகிறது என்பதில். ஒருவனுடைய கீழ்ப்படியாமையால் அநேகர் பாவிகளானது போல ஒருவருடைய கீழ்ப்படிதலால் அநேகர் நீதிமான்களாவார்கள் என்பது ரோமர் ஐந்தின் கணக்கு. சிலுவை வரைக்கும் போன கிறிஸ்துவின் கீழ்ப்படிதல் மற்றவர்களுக்காக நிற்கிறது. குர்ஆன் இந்த வாசலை மூடுகிறது. ஆதமின் பாவம் அவரோடே மன்னிக்கப்பட்டது, ஒருவர் சுமையை இன்னொருவர் சுமக்க மாட்டார், ஈசா நபி சிலுவையில் அறையப்படவும் இல்லை. இங்கே பாலம் கட்ட முடியாது, கட்டவும் வேண்டாம். இதை நேராகப் பேசிவிட்டுக் கைகுலுக்கிப் பிரிவதில் எந்தக் குறையும் இல்லை.

கீழ்ப்படிதல் என்று நம் வட்டாரத்தில் சொன்னால் மண்வெட்டி பிடித்தவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது கடவுள் அல்ல, மிராசுதார். பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் கொடுத்த ஊர் இது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது. கூலி நெல்லைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் எரித்தது 1968-ல். அது டிசம்பர் 25-ம் தேதி இரவு என்பதைக் கிறிஸ்தவர்கள் எந்தக் கிறிஸ்துமஸிலும் மறக்கக் கூடாது. இந்த மண்ணில் நின்றுகொண்டு அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள் என்று ரோமர் 13-ஐயும், அதிகாரம் உடையோருக்குக் கட்டுப்படுங்கள் என்று அந்நிஸாவின் 59-ம் வசனத்தையும் மட்டும் வாசித்துவிட்டுப் போவது நியாயமில்லை. மனுஷருக்கு அல்ல, தேவனுக்கே கீழ்ப்படிய வேண்டும் என்று அப்போஸ்தலர்கள் ஆலோசனைச் சங்கத்தின் முன் நின்று சொன்னதும் வேதம்தான். படைத்தவனுக்கு மாறு செய்து படைப்புக்குக் கட்டுப்படுதல் இல்லை என்பது நபிமொழி.

கட்டளை மட்டும் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கும் இங்கேயே கதை இருக்கிறது. 1780-களில், ஹைதர் படையெடுப்பும் பஞ்சமும் அதிகாரிகளின் பிடுங்கலும் சேர்ந்து தஞ்சாவூர்க் குடியானவர்கள் நிலத்தை விட்டு ஓடிவிட்டார்கள். திரும்பி வாருங்கள் என்று மன்னர் ஆணை போட்டார், ஒருவரும் அசையவில்லை. உங்களை ஏமாற்ற மாட்டார்கள் என்று ஸ்வார்ட்ஸ் பாதிரியார் சொல் கொடுத்ததும் சுமார் 7000 பேர் திரும்பி வந்து இரவும் பகலுமாக வேலை செய்தார்கள் என்று அவருடைய வரலாற்றில் பதிந்திருக்கிறது. 1779-ல் கம்பெனிக்காரர்கள் ஹைதர் அலியிடம் தூது அனுப்ப விரும்பியபோது, அந்தக் கிறிஸ்தவரை அனுப்புங்கள், அவரைத்தான் நம்புவேன் என்று ஹைதர் சொன்னதும் தெரிந்த கதைதான். ஹைதர் வழிச்செலவுக்குக் கொடுத்த 300 ரூபாயையும் ஸ்வார்ட்ஸ் வைத்துக்கொள்ளவில்லை, தஞ்சாவூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கு முதல் பணமாகப் போட்டார். தூது பலிக்கவில்லை. அவரை அனுப்பிய கம்பெனியின் சொல் அவர் சொல்லைப் போல இல்லை, மறு வருஷமே ஹைதர் கர்நாடிக் சீமைக்குள் இறங்கினார். ஒரு முஸ்லிம் அரசனும், ஓடிப்போன குடியானவர்களும் அந்த லூத்தரன் பாதிரியாரிடம் நம்பியது அவருடைய கோட்பாட்டை அல்ல.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உங்கள் மேடைகளில் அதிகமாக எடுத்தாளப்படுகிற இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று யாக்கோபு 2-ம் அதிகாரம், 14-ம் வசனத்திலிருந்து. இன்னொன்று அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 14-ம் வசனம். நாங்கள் ஈமான் கொண்டோம் என்று நாட்டுப்புறத்து அரபிகள் சொல்கிறார்கள், நீங்கள் ஈமான் கொள்ளவில்லை, பணிந்தோம் என்று வேண்டுமானால் சொல்லுங்கள், ஈமான் இன்னும் உங்கள் உள்ளத்தில் நுழையவில்லை என்கிற இடம். பஞ்ச காலத்தில் தானம் கேட்டு மதீனா வந்த அசத் கூட்டத்தாரைப் பற்றியது என்பார்கள் விரிவுரையாளர்கள். முஸ்லிம் தம்பிகள் யாக்கோபைக் காட்டிக் கிறிஸ்தவர்களை மடக்குகிறார்கள். கிறிஸ்தவத் தம்பிகள் ஹுஜுராத்தைக் காட்டி, பணிவு வேறு ஈமான் வேறு என்று உங்கள் வேதமே சொல்கிறதே என்று திருப்பியடிக்கிறார்கள். இருவரும் 14-ல் தொடங்குகிறீர்கள். அதற்கு முந்தைய வசனத்தை யாரும் வாசிப்பதில்லை.

யாக்கோபு 2-ம் அதிகாரம் தொடங்குவது நாற்காலியில். பொன் மோதிரம் போட்டு மினுக்கான வஸ்திரம் உடுத்திய ஒருவன் ஆலயத்துக்குள் வருகிறான், கந்தை கட்டிய ஏழையும் வருகிறான். முன்னவனுக்கு நல்ல இடம் காட்டி, பின்னவனை அங்கே நில் அல்லது என் காலடியில் உட்கார் என்று சொன்னால் நீங்கள் பாரபட்சக்காரர்கள் இல்லையா என்பதுதான் பேச்சு. கிரியையில்லாத விசுவாசம் என்று பின்னால் வருவது இந்தப் பேச்சின் தொடர்ச்சி. ஹுஜுராத்தில் 11-ம் வசனம் ஒரு கூட்டத்தார் இன்னொரு கூட்டத்தாரைப் பரிகசிக்காதீர்கள், பட்டப்பெயர் வைக்காதீர்கள் என்கிறது. 13-ம் வசனம், உங்களை ஓர் ஆண் பெண்ணிலிருந்து படைத்துக் குலங்களாகவும் கோத்திரங்களாகவும் ஆக்கியது ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான், இறையச்சம் மிகுந்தவரே கண்ணியமானவர் என்கிறது. மக்கா வெற்றியன்று கறுப்பரான பிலால் கஅபாவின் மேலேறி பாங்கு சொன்னதைச் சிலர் இளக்காரம் செய்தபோது இறங்கியது என்ற அறிவிப்பும் உண்டு. அடுத்த வசனம்தான் நீங்கள் மேடையில் முழங்குகிற 14. இரண்டு வேதத்திலும், ஈமானா பணிவா, விசுவாசமா கிரியையா என்ற கேள்விக்கு வாசற்படியாக இருப்பது யார் எங்கே உட்கார்வது, யார் யாரைத் தாழ்வாகப் பார்ப்பது என்ற விவகாரம்.

எங்கள் சபை அந்த வாசற்படியில் தடுக்கி விழுந்த கதை பழையது. ராஜநாயக்கன் என்று ஒருவர். தஞ்சை அரசின் படையில் சேவகம் செய்த கத்தோலிக்கர், பறையர். தரங்கம்பாடியில் அச்சிட்ட சுவிசேஷங்களை வாசித்து லூத்தரன் சபைக்கு வந்தார், சேவகத்தை விட்டு உபதேசியாரானார், அடியும் மிரட்டலும் வாங்கிக்கொண்டு தஞ்சை நாட்டில் பல பத்தாண்டுகள் உழைத்தார். விசுவாசமும் கீழ்ப்படிதலும் ஒரே ஆளிடம் இருந்தன என்று எங்கள் சபை வரலாற்றில் யாரையாவது காட்டச் சொன்னால் நான் அவரைத்தான் காட்டுவேன். 1733-ல் வேளாளரான ஆரோனுக்குக் குருப்பட்டம் கிடைத்தது. 1741-ல் அடுத்த பட்டத்துக்கு ராஜநாயக்கன் பெயர் வந்தபோது, அவர் கையால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் திருவிருந்து வாங்க மாட்டார்கள் என்று ஒதுக்கிவிட்டு தியோகு என்பவருக்குக் கொடுத்தார்கள். 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையைச் சபைகள் உடனே விட்டுவிட வேண்டும் என்று உத்தரவு போட்டதும் தஞ்சாவூரில் பலர் கோயிலை விட்டே எழுந்து போனார்கள். சரபோஜி அவையில் மதிப்புப் பெற்ற வேதநாயக சாஸ்திரியார், அருமையான கவி, அவரே அந்த வழக்கங்களுக்கு ஆதரவாக எழுதியவர். விசுவாசம் மட்டும் போதும் என்று போதித்தவர்களிடம் விசுவாசம் நிறைய இருந்தது, பாய்தான் தனித்தனியாக இருந்தது. இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்தில் சுவர் இருக்கிற ஊர்கள் தமிழ்நாட்டில் இருக்கின்றன.

முஸ்லிம் தம்பிகளே, பள்ளிவாசல் வரிசையில் இந்தப் பிரிவினை இல்லை, அதை நான் மனதாரச் சொல்வேன். தோளோடு தோள் நிற்பதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறேன். ஆனால் தொழுகை முடிந்து நிக்காஹ் பேச்சு வரும்போது மரக்காயர், ராவுத்தர், லெப்பை, ஒஸ்தா என்ற சொற்கள் எங்கிருந்து வருகின்றன? முடிதிருத்துகிற ஒஸ்தா வீட்டுப் பிள்ளைக்கு உங்களில் எத்தனை ஜமாஅத்தில் பெண் கொடுப்பார்கள்?

ஆகவே ஒரு வேண்டுகோள். சம்பா அறுவடை முடிந்து நீங்கள் போடப்போகிற அடுத்த கூட்டத்தில் யாக்கோபு இரண்டை 1-ம் வசனத்திலிருந்தும், ஹுஜுராத்தை 11-லிருந்தும் வாசியுங்கள். யாக்கோபை முஸ்லிம் தரப்பு வாசிக்கட்டும், ஹுஜுராத்தைக் கிறிஸ்தவத் தரப்பு வாசிக்கட்டும். வாசித்து முடித்ததும் எதிரியைக் கேட்காமல் அவரவர் சபையை, அவரவர் ஜமாஅத்தைப் பற்றி மட்டும் பேசவேண்டும் என்று விதி வைத்துக்கொள்ளுங்கள். இடம் திருமண மண்டபமாக வேண்டாம், ஏதாவது ஒரு காலனித் தெருச் சமுதாயக் கூடமாக இருக்கட்டும், அந்தத் தெருக்காரர்களை அழைப்பிதழில் பெயர் போட்டுக் கூப்பிடுங்கள். முன்வரிசைப் பிளாஸ்டிக் நாற்காலிக்குத் துண்டு போட்டு இடம் பிடிக்கிற வழக்கத்தை அன்றைக்கு மட்டுமாவது விட்டுவிடலாம், ஜமக்காளம் போதும். மதியச் சாப்பாட்டு அரிசி என் செலவு. பொன்னியா, சீரகச் சம்பாவா என்பதை நீங்கள் கலந்து பேசி எனக்குச் சொல்லியனுப்புங்கள்.

இப்படிக்கு,
தரங்கம்பாடிப் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன்